வீட்டுக்காரர்களைக் கேட்கவில்லை

4 மார்ச் 2024, திங்கள்
மாலத்தீவுத் தோணி இன்னும் கிளம்பவில்லை. அதில் ஏற்ற வேண்டிய வெங்காயம் கிட்டங்கியில் மூடை மூடையாக அடைந்து வேகிறது. இதற்கு நடுவில் மாடிக்குச் சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு. பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற தொண்டு நிறுவனத்துக்குத்தான் கடை மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இத்தனை வருடம் நடத்தியதில் பலன் உண்டா என்று பார்க்கிறார்களாம். சீனித்தாய்க்கு அங்கே வேலை. மற்றப் பெண்களுக்கு ஆணுறை கொடுப்பாள், சோதனைக்குக் கூட்டிப்போவாள். பழைய தொழிலையும் முழுக்க விடவில்லை. எனக்குத் தெரியும். கேட்பதில்லை. மனைவி இறந்த பிறகு எனக்கு அவள்தான். ஊருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

6 மார்ச், புதன்
குழுத்தலைவி சண்முகப்ரியா கடைக்கு வந்து டீ குடித்தார். கடைசியாக வந்த வாடிக்கையாளரோடு ஆணுறை உண்டா என்று பெண்களைக் கேட்டால் எல்லாரும் உண்டு என்கிறார்களாம்.

"ஏம்மா, மூடைக்கு மேல அள்ளிப் பாத்தா எந்த அரிசியும் நல்லாத்தான் இருக்கும். குத்தூசிய நடுவுல விட்டு எடுத்துப் பாருங்க."

"நடுவுல என்ன சார் இருக்கும்?"

அது உங்கள் பாடு என்றேன். படித்த பிள்ளைக்குப் புத்தி சொன்னதில் பெருமைதான்.

7 மார்ச், வியாழன்
சாயங்காலம் சீனித்தாய் வீட்டுக்குப் போனேன். காப்பிகூடப் போடவில்லை.

"நிரந்தரமா வாரவர் உண்டா, அவர்ட்ட உறை உண்டான்னு இன்னைக்கு அந்த மேடம் கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஆளு உண்டு, உறை கெடையாதுன்னேன். பேரு கேக்கல. பயப்படாதிய. அங்க இருந்தவளுவ எல்லாரும் அதத்தான் சொன்னாளுவ. வீட்டுக்காரர்ட்ட எப்படிக் கேக்கன்னு."

வீட்டுக்காரர். என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறாள். சந்தோஷப்படுகிற நேரமா அது? பட்டேன்.

"நான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கேன். நீங்க ஒருக்காவாவது பாத்தியளா? சரக்கெடுக்கக் கொச்சிக்குப் போறிய, பம்பாய்க்குப் போறிய. என்னைக்காவது கேட்டேனா? பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் வராதிய."

"ஏளா, என்னையும் லாரிக்காரனுவகூடச் சேத்துட்டியா?"

"அவனுவ கேட்டா போட்டுக்கிடுதானுவ."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

10 மார்ச், ஞாயிறு
கொச்சியில் ஒரு தடவைதான். இல்லை, அதற்குப் பிறகும் உண்டு. யாரை ஏமாற்ற எழுதுகிறேன்? அவளுக்கு ஏதாவது வந்திருந்தால் அது என்னால் வந்ததாக இருக்கும். இத்தனை நாள் அவளால் எனக்கு வந்துவிடுமோ என்றுதான் பயந்திருந்தேன்.

12 மார்ச், செவ்வாய்
மாடியில் நிறைவுக் கூட்டம். கட்டட உரிமையாளர் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். வாடிக்கையாளர் விஷயத்தில் திட்டம் நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார் சண்முகப்ரியா. முன்பின் தெரியாதவனிடம் கறாராக இருக்கும் பெண்கள், நம்புகிறவனிடம் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்களிடம் யாரும் இதுவரை பேசவே இல்லை.

"அது எங்க டார்கெட்லயே கெடையாது, மேடம்" என்றார் நிறுவனத்தை நடத்தும் செல்வதுரை.

சீனித்தாய் எழுந்தாள். "கூப்பிட்டாலும் வரமாட்டாவ, சார். மானம் போயிரும்னு நினைப்பாவ."

என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இறங்கி வந்தேன்.

15 மார்ச், வெள்ளி
பெரியாஸ்பத்திரி, எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையம். என் கிட்டங்கியில் மூடை தூக்கும் மாசானம் எதிரே வந்தான்.

"என்ன அண்ணாச்சி, சக்கரை பாக்கவா?"

"ஆமாலே."

உள்ளே ஆலோசனை சொல்லும் பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். கொச்சியையும் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ரசீது போடுவதுபோல எழுதிக்கொண்டாள். முடிவு: இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.

19 மார்ச், செவ்வாய்
முடிவைக் கொண்டுபோய் நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள்.

"நல்லது. இனிமே உறையோட வாங்க."

"அதான் இல்லன்னு போட்டிருக்கே."

"ஒங்களுக்கு இல்ல. நான் தொழில விடலையே. ஒருத்தன் குடிச்சிட்டுக் கிழிச்சிட்டான்னா?"

"விட்டுரு. நான் பாத்துக்கிடுதேன்."

"ஒங்களுக்குப் பொறவு? ஒங்க மவன் பாப்பாரா?"

செந்தில்முருகனை நினைத்துப் பார்த்தேன்.

"நான் ஆபீசுல இருந்து கொண்டாந்து வச்சா நீங்க மொகத்தத் தூக்குவிய. அதனால நீங்களே வாங்கிட்டு வாங்க."

22 மார்ச், வெள்ளி
திட்டம் தொடருமாம். நிரந்தர ஆண்களையும் அழைத்துப் பேச வேண்டும் என்று சண்முகப்ரியா எழுதியிருப்பதாகச் செல்வதுரை சொன்னார். யார் வருவார்கள் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சாயங்காலம் டிக்சன் மருந்துக்கடைக்குப் போனேன். வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆறுமுகநயினார் பிரஷர் மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று பார்த்தேன். போகிற மாதிரி இல்லை. ஆணுறை கேட்டுவிட்டேன்.

டிக்சன் குரலைத் தணித்தான். "மாடி ஆபீசுக்கா அண்ணாச்சி? அவியளுக்குச் சும்மாவே வருமே."

"எனக்கு" என்றேன்.

ஆறுமுகநயினார் கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.