பதினாறாம் திகதிக்குள் ட்ரக்டர்

9 ஏப்ரல் 2016, சனி

காலையில் மூடுபனி. 3 பாகை. கொட்டில் கூரையில் மிச்சமிருந்த பனி உருகிச் சொட்டுகிறது.

ட்ரக்டர் ஸ்ராட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் "டிக்". பத்துத் தரம் திருப்பினேன், பத்துத் தரமும் டிக். கண்டறியாத ட்ரக்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தது.

பின்னேரம் பீட்டர் வந்தார். காணி அவருடையது, பன்னிரண்டு வருடமாகக் குத்தகைக்கு எங்களிடம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கதைத்தார். அடுத்த சனி, 16ஆம் திகதிக்குள் உழவு தொடங்குமா என்று தெரிய வேண்டுமாம். இல்லையென்றால் பக்கத்துக் காணிக்காரர் சோளம் போடக் கேட்கிறார். பீட்டருக்கு முதுகில் ஒபரேசன், அவராலும் உழுது தர ஏலாது. செத்தவீட்டுக்காரியிடம் எப்படிக் கேட்பது என்று மார்ச் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார். அவரில் பிழை சொல்ல முடியாது.

ஆரணி ஓர்லிகோனில் இருந்து போன். "விடுங்கோ அம்மா. அப்பாவே இல்லை, ஆருக்குத் தோட்டம்? இஞ்ச வந்திருங்கோ, அறை சும்மாதானே கிடக்கு."

"பாப்பம்" என்றேன்.

"நீங்கள் பாப்பம் எண்டா மாட்டன் எண்டுதானே அர்த்தம்."

பெற்ற பிள்ளை, தெரியாமல் இருக்குமா.

இவர் செய்யாமல் விட்டுப் போனவை:
1. நிலவறை விளக்கு
2. வரிப் படிவம் (2014! கடிதம் மேல் கடிதம் வருகிறது)
3. ட்ரக்டர்
4. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது

சாப்பாடு: புட்டு, நேற்றைய குழம்பு. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர்.

10 ஏப்ரல், ஞாயிறு

வெயில், ஆனால் குளிர் காற்று.

குகனுக்குப் போன் அடித்தேன். ஓர்லிகோனில் கராஜில் வேலை, இவருடைய ஒன்றுவிட்ட தம்பி. இந்தக் கிழமை முழுக்க அவனுக்கு லீவு இல்லை. போனிலேயே சொல்லித் தாறன் என்றான்.

"அக்கா, முதல்ல பற்றரி. கறுப்பு வயரை முதல் கழட்டுங்கோ, பிறகு சிவப்பு. பூட்டேக்க சிவப்பு முதல். மாத்திச் செய்யாதேங்கோ."

"செய்தா?"

"செய்யாதேங்கோ எண்டிறனெல்லே."

முனையில் வெள்ளைப் பூப் பூத்திருந்தது. சுடுதண்ணீர், பழைய பல் பிரஷ். பீட்டரிடம் சார்ஜர் வாங்கி இரவு முழுக்கச் சார்ஜில் போட்டேன்.

கொட்டிலில் கண்டெடுத்தவை: இவருடைய கண்ணாடி ஒன்று, தேத்தண்ணிக் கோப்பை மூன்று (ஒன்றில் பூஞ்சணம்), ஒரு கையுறை, நான் இரண்டு வருடம் தேடிய கறிவேப்பிலைக் கத்திரிக்கோல். கையில் இருப்பதை நின்ற இடத்தில் வைத்துவிட்டு வருகிற மனுசன். அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது.

11 ஏப்ரல், திங்கள்

மூடுபனி. வேலை 6–2. ஹோட்டல் லாண்டரியில் விரிப்பு 140. துன் நகரத்துக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றரைக்குக் கொட்டிலில். பற்றரி நல்ல சார்ஜ். இப்போது எஞ்சின் சுற்றுகிறது! உர் உர் உர் என்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. அதே உர்.

குகன்: "புகை வருதோ அக்கா?"

"ஒண்டும் தெரியேல்லை."

"அப்ப டீசல் போகேல்லை. அண்ணை கோடைக்கால டீசலை மாத்தாமல் விட்டிருப்பார். குளிருக்கு அது மெழுகு மாதிரி உறையும். பில்ரரை மாத்துங்கோ."

மாற்றாமல் விட்டிருப்பார். விடாமல் இருப்பாரா?

12 ஏப்ரல், செவ்வாய்

மழை தூறல். வேலை முடிந்து பஸ்ஸில் போய்ப் புது பில்ரர், புது டீசல் ஒரு கான். பஸ்ஸில் கானைக் கண்டு சாரதி முகம் சுளித்தார். வெறுங்கான் என்று பொய் சொன்னேன்.

பில்ரர் மாற்றியாச்சு. பிறகு காற்று எடுக்க வேண்டும்: சின்ன நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க அடிக்க டீசல் நுரைத்து வரும், நுரை நின்றதும் இறுக்க வேண்டும். குகன் சொன்னபடியே செய்தேன். நுரை வந்தது, நின்றது, இறுக்கினேன். எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது.

உர் உர் உர்.

கடைசியில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருக்கையில் இருந்தபடியே சத்தமாக ஏசினேன். "ஒவ்வொரு வருசமும் சொல்லுவனெல்லே, ட்ரக்டரை ஒழுங்கா மூடுங்கோ, மூடுங்கோ எண்டு! படங்கை இழுத்துப் போட்டாப் போதுமே?" நவம்பரில் இவர் போன அன்றைக்கும் அப்படித்தான். நான் வேலையில். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று பீட்டரின் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர். எனக்கு ஒரு போன் அடிக்கவில்லை. லாண்டரிக்கு ஆஸ்பத்திரியில் இருந்துதான் போன் வந்தது. அதற்குப் பிறகு இவர் கதைக்கவேயில்லை.

பீட்டரின் மாடு எட்டிப் பார்த்தது. வெட்கமாகப் போய்விட்டது.

கை இரண்டு தரம் கழுவியும் டீசல் மணம்.

13 ஏப்ரல், புதன்

வருசப்பிறப்பு. எங்களுக்கு இல்லை, இவர் போன துடக்கு வருடம். லாண்டரியில் நந்தினி பயற்றம் பணியாரம் கொண்டுவந்தவள், என்னைக் கண்டதும் பெட்டியை மூடினாள். "தா, தின்னுறதுக்கு என்ன" என்றேன். இரண்டு தின்றேன்.

ஆரணி: "அம்மா, கீழேயே தமிழ்க் கடை. எல்லாம் வாங்கலாம். வெண்டிக்காய், பயித்தங்காய், எல்லாம்."

"அது ஆர் நட்டது?"

"ஆர் நட்டா என்ன அம்மா!"

அவளுக்குச் சொல்லி விளங்காது. ஓர்லிகோனில் அவளுடைய அறையில் இருந்து நான் என்ன செய்வது? ஜன்னலால் ட்ராம் பார்ப்பதா? இந்தக் காணியும் போனால் எனக்கு லாண்டரியும் கட்டிலும்தான். எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றி எழுதுவதில்லை.

பின்னேரம் நல்ல வெயில், மூடுபனி இல்லை. சும்மா ஒரு தரம் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன்: சைலன்சரில் இருந்து மெல்லிய கறுப்புப் புகை. திங்கட்கிழமை மூடுபனியில் தெரியாமல் இருந்திருக்கிறது.

குகனுக்கு அடித்தேன். கத்தினான். "கறுப்போ? ஐயோ அக்கா, அதை முதலே சொல்லியிருக்கலாமே! கறுப்பெண்டா டீசல் போகுது, காத்துத்தான் போகேல்லை. நாளைக்குக் காத்துக் குழாயைத் திறவுங்கோ."

இரண்டு நாளும் ஒரு பில்ரரும் வீண். புது டீசல் பரவாயில்லை.

14 ஏப்ரல், வியாழன்

8 பாகை. வெயில்.

எஞ்சினுக்குப் பக்கத்தில் மேலே நிமிர்ந்து நிற்கிற குழாய் இரண்டு. ஒன்று சைலன்சர், அதற்கு ஆடுகிற மூடி உண்டு. மற்றது காற்று இழுக்கிற குழாய், மேலே வாய் திறந்தபடி. அதன் அடியில் எண்ணெய்க் கிண்ணம். கிளிப்பைத் தட்டிக் கழற்றினேன்.

கிண்ணத்தில் எண்ணெய் இல்லை, தண்ணீர். குழாய்க்குள் எலிக்கூடு. வைக்கோல், பஞ்சு, கடலைத் தோல், மஞ்சள் பட்டு நூல். ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது: ஒக்டோபரில் ஆயுத பூசைக்கு இவர் ஸ்டியரிங்கில் கட்டிய பட்டுத் துண்டு. அவல் கடலை படைத்துச் சாம்பிராணி காட்டி, சந்தனப் பொட்டும் வைத்தார். கடலையை நான் அள்ளி எடுத்தேன், எலிக்கு மிச்சம் விட்டிருக்கிறேன் போலும்.

எலி இல்லை. நல்லகாலம், இருந்திருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

கம்பியால் இழுத்து எடுத்தேன், கை நிறைய. கிண்ணத்தைத் துடைத்துப் புது எண்ணெய் விட்டுப் பூட்டினேன். எஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டர் பொத்தானை முப்பது வரை எண்ணிப் பிடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

உர், உர், பிறகு டக், டக் டக், கறுப்பாக ஒரு பந்துப் புகை, பிடித்துவிட்டது! கொட்டில் தகரம் எல்லாம் அதிர்ந்தது. நான் "ஓம்! ஓம்! ஓம்!" என்று கத்தினேன். வேறு சொல் வரவில்லை.

போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துக் குகனுக்குக் கேட்கச் செய்தேன். அவனும் கத்தினான். பிறகு, "அக்கா, அந்தக் காத்துக் குழாய்க்கு மேல ஒரு தொப்பி இருக்கவேணுமே?"

"இல்லை. திறந்துதான் கிடக்கு."

"அப்ப மழையும் எலியும் போகத்தானே செய்யும். அண்ணை மூடாமல் விட்டிட்டார் போல."

பட்டியலில் மூன்றாவதைத் திருத்தி எழுதினேன்: 3. ட்ரக்டர்: காற்றுக் குழாயை மூடாமல் விட்டது. அடியில் இரண்டு கோடு. ஐந்து நாள் என்னை அலைக்கழித்ததற்கு இரண்டு கோடு காணாது.

15 ஏப்ரல், வெள்ளி

மழை. வேலை 6–2. காலையில் எழும்ப முடியாத முதுகு வலி.

ட்ரக்டர் மறுபடி முதல் திருப்பிலேயே பிடித்தது. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் குழாயில் கட்டினேன், ஸ்ராட் பண்ண முதல் அவிழ்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் கடதாசி ஒட்டினேன். தமிழில்.

மிளகாய்க் கன்று 14. எல்லாவற்றிலும் நாலு இலை. பேணிக்குள் இடம் காணாது, மாற்ற வேண்டும்.

வாங்க: தயிர் (வெறுங்கோப்பை கன்றுக்கு), பல்ப், வெங்காயம்.

16 ஏப்ரல், சனி

வெயில். மலையில் பனி, கீழே பச்சை.

ஒன்பது மணிக்கு உழத் தொடங்கினேன். முதல் சால் கோணல், இரண்டாவது அதைவிடக் கோணல். பத்தரைக்குப் பீட்டர் வந்து வேலியில் நின்றார். எஞ்சினை நிறுத்தாமலே கையைக் காட்டினேன். அவரும் தொப்பியைத் தூக்கினார். சால் முடிந்ததும் இறங்கிப் போனேன். பக்கத்துக்காரருக்குச் சொல்லிவிடுவதாகவும் காணி எனக்கே என்றும் சொன்னார். கை குலுக்கினோம். அவருடைய கை குளிர், என்னுடையது எண்ணெய்.

எலிக்கூட்டுக் கதையைச் சொன்னேன், இவர் மூடாமல் விட்ட கதையையும் சேர்த்து. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மூடினாரே, என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குத் தான் காரை ஸ்ராட்டில் வைத்துக்கொண்டு நின்றாராம். ஏறு, ஏறு என்று சொல்லியும் இவர் ஒரு நிமிடம் என்று நெஞ்சைப் பிடித்தபடி கொட்டிலுக்குள் போனாராம். ஒரு சிவப்புத் தகரப் பேணியைக் குழாயில் கவிழ்த்துவிட்டு வந்தாராம். ஒவ்வொரு வருடமும் அதே பேணிதானாம். உனக்கென்ன பைத்தியமா என்று பீட்டர் கேட்டதற்கு, "இரவைக்குப் பனி கொட்டும். மூடாட்டி அவ ஏசுவா" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினாராம். அதற்குப் பிறகு வழியில் ஒன்றும் கதைக்கவில்லையாம்.

எங்கே அந்தப் பேணி, என்று கேட்டார் பீட்டர். தெரியாது என்றேன்.

மீதி நிலத்தை உழுது முடித்தேன். இரண்டு மணி.

வீடு. குசினி ஜன்னல். சிவப்புப் பால்மாப் பேணி, பதினாலு மிளகாய்க் கன்று. பெப்ரவரியில் விதை போடப் பாத்திரம் தேடிக் கொட்டிலுக்குப் போனது நான். ட்ரக்டரின் குழாயில் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டது நான். இந்த மனுசன் கண்ட இடத்தில் வைத்த சாமான்களில் இதுவும் ஒன்று என்று எடுத்துவந்து கழுவி, தண்ணீர் வடிய ஆணியால் அடியில் மூன்று துளை போட்டதும் நான்தான். ஐந்து நாள் ஏசியிருக்கிறேன், மாட்டுக்கும் கேட்க.

பட்டியலை எடுத்தேன். 3ஐ வெட்டினேன். பேனையை மூடிவிட்டேன், பிறகு திறந்து 4ஐயும் வெட்டினேன்.

பேணியில் மூன்று துளை. குழாய்க்கு இனி உதவாது.