முதல் வாய்க் காபி

அப்பா,

இன்று காலை சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது மருந்து பொடிக்கிற உன் சின்னக் கல்வம் கையில் கிடைத்தது. அடியில் வெள்ளைத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். எதையும் முகராமல் நான் வாயில் வைக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியாததா? அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததே நீதானே.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் அந்த வாடகைப் போர்ஷனில் நாம் இரண்டு பேர்தான். அம்மா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. சுவருக்குள்ளிருந்து யாரோ என்னைப் பற்றிப் பேசுவது எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்கவில்லை. ஒருநாள் தி.நகரில் புடவை எடுக்கலாம் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினாய். தேனாம்பேட்டையில் வண்டி வேறு பக்கம் திரும்பியது. இறங்கிய ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஆட்கள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கட்டிலோடு கட்டினார்கள். நீ குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய். ஒரு செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் ஆகுமா?

மூன்று வாரம் கழித்து வீடு திரும்பியதும் மாத்திரையைத் தொடமாட்டேன் என்றேன். நீ வற்புறுத்தவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. கொஞ்ச நாளில் காபி கசந்தது. கேட்டால், "சிக்கரி ஜாஸ்தியாயிடுத்து" என்றாய். டாக்டரிடம் சொன்னேன். இந்த வியாதியில் இப்படியெல்லாம் தோன்றும் என்று எழுதிக்கொண்டார். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினாய்.

அப்புறம்தான் அடையாறு. மருந்து ஒரு பக்கம் இருக்க, மனசுக்குள் அடைந்துகிடக்கும் பழைய பயங்களையும் பேசிப் பார்க்கிற ஒரு பெண்ணிடம் அழைத்துப் போனாய். ஒரு வீட்டு மாடியறை. நிச்சயம் உன் ஆள் என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்க, உன் மூக்குக் கண்ணாடியை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு அவளிடம் மட்டும் சொன்னேன். அடுத்த தடவை போனபோது நீ வெளி பெஞ்சில் பேப்பரைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தவித்தாய். அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அரிசி டின்னைப் பற்றி உன்னிடம் மூச்சு விடவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஆட்டோவைப் பற்றி வாய் திறந்தேன்.

அவளுக்கு அவசரமே கிடையாது. ஒருநாள் ஆட்டோவில் ஏறியது வரை. இன்னொரு நாள் தேனாம்பேட்டை வரை. எனக்கு மூச்சு முட்டினால் நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்க்கச் சொல்லி, இப்போது எங்கே இருக்கிறேன் என்று கேட்பாள். அடையாறு என்பேன். கட்டில் வரை வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. சுவரில் கேட்ட குரல்களில் ஒன்று உன்னுடையது என்பதை அங்கேதான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து, 'புடவை எடுக்கலாம், வா' என்று அது கூப்பிடும்.

காபியைப் பற்றிச் சொன்னபோது, வியாதி என்று முடிவு கட்டுவதற்கு முன் அப்பாவையே கேட்டுவிடலாமே என்றாள். உன்னை உள்ளே கூப்பிட்டாள்.

"சார், இவங்க காபியில ஏதாவது கலக்கறீங்களா?"

நீ துண்டால் முகத்தைத் துடைத்தாய். துடைத்துக்கொண்டே இருந்தாய்.

"ஆஸ்பத்திரியில மாத்திரையைப் பொடி பண்ணிக் குடுக்கச் சொன்னா. எனக்கு வேற வழி தெரியலை."

எனக்குக் கோபம் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? எல்லோரும் சேர்ந்து பைத்தியம் என்று சொன்ன விஷயம் நிஜமாக இருந்தது.

மறுநாள் காலையில் மாத்திரை தனியாக ஒரு தட்டில் இருந்தது. பக்கத்தில் காபி. தம்ளரில் யார் உதடு பட்டாலும் எச்சில் என்று மறுபடி தேய்க்கச் சொல்கிற நீ, என் தம்ளரில் உதடு வைத்து ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாய். "இனிமே நம்மாத்துல இப்படித்தான்" என்றாய். மாத்திரையை நானாக எடுத்துப் போட்டுக்கொள்ள இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், முதல் வாய் உன்னுடையதுதான். நீ குடிக்கும்போது உன் முகம் கோணுகிறதா என்று தினமும் பார்ப்பேன். உனக்கும் அது தெரியும்.

போன மாதம், உன் கடைசி நாட்களில், நினைவு தப்பித் தப்பி வந்தது. இருதய மாத்திரையை வாயில் வைத்தால் துப்பினாய். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் உன் காபித் தம்ளரில் உதடு வைத்து ஒரு வாய் குடித்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கலக்கலையே?"

"இல்லப்பா."

வாங்கிக் குடித்தாய்.

கலந்திருந்தேன், அப்பா. இதே கல்வத்தில்தான் பொடித்தேன். நன்றாகவே கசந்தது; நான் முகம் கோணவில்லை. நீ என்னை நம்பிக் குடித்தாயா, தெரிந்தே குடித்தாயா? உன் மேல் எனக்கு மிச்சமிருக்கும் சந்தேகம் அது ஒன்றுதான். கல்வத்தைக் கழுவாமலே திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.