இருபத்திரண்டு காலிப் பெட்டிகள்

நிங்கலூ கரை,
மேற்கு ஆஸ்திரேலியா.
9 மார்ச் 1994

மதிப்பிற்குரிய கோலின் பாஸ்கோ அவர்களுக்கு,

நலம். பதினோரு வருடம் என்னோடு ஒரே தொலைநோக்கியில் வேலை பார்த்தவனை ‘அவர்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. இனி நீ என்றே எழுதுகிறேன்.

புயலில் தேநீர் அறைக் கூரை போய்விட்டது. ஈமு பறவைகள் உள்ளே வந்து ரொட்டியைத் தின்கின்றன. மெக்கானிக் நெவில் கூரை போடுகிறேன் என்று இரண்டு வாரமாக ஏணியை மட்டும் சாத்தி வைத்திருக்கிறான்.

உன் கட்டுரை வந்தது. சூரியனின் மேற்பரப்பில் ஓடும் ஒலி அலைகள், கொதித்து மேலே வரும் வெளிச்சக் குமிழ்களில் பிறக்கின்றனவாம். நான் எடுத்த இருபத்திரண்டு பதிவு நாடாக்களும் அதில் இருக்கின்றன, என் பெயர் இல்லை. சிட்னியில் யாரோ கேட்டதற்கு, “ஹெஸ்டரா? அவ டேப் மாத்துறவப்பா” என்றாயாம். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

ஆமாம், டேப் மாற்றினவள்தான். அதனால்தான் எனக்குத் தெரியும்: வெளிச்சப் படம் எடுக்கும் கருவியின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும். இங்கே எல்லோரும் செய்வதுபோல, அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு நாடாப் பெட்டி மூடியின் உள்பக்கமும் பென்சிலில் எழுதி வைத்தேன். நீ ஒருநாளும் மூடியைத் திறந்ததில்லை. திறந்து கொடுத்தவள் நான். விமானத்தில் எடை கூடும் என்று பெட்டிகளை என் மேசையில் விட்டுவிட்டு, நாடாக்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனாய்.

அப்போதே இதைச் சொன்னதும் நெவில் விழுந்து விழுந்து சிரித்தான். “அடப்பாவி, திருடுனதுதான் திருடுனான், பெட்டியோட தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா!” என்றான். அப்புறம், “பாவம்மா, சொல்லித் தொலை, திருத்திக்கட்டும்” என்றான். நான் சொல்லவில்லை. நீ எழுதுவதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, அச்சில் வரட்டும் என்று ஏழு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் நாடாக்களின் பிரதி உண்டு. நான்கு நிமிடத்தைத் தள்ளி, வெளிச்சப் படத்தை ஒலியோடு பொருத்தினால் ஒலி பிறக்கும் இடம் குமிழ் அல்ல, குமிழ்களுக்கு நடுவே இருக்கும் கரிய சந்து. அங்கே வாயு குளிர்ந்து, கருத்து, திடீரென்று கீழே சரிகிறது. மேலே எழுவது அல்ல கோலின், விழுவதுதான் சத்தம் போடுகிறது.

ஹோபார்ட் நகரில் நடக்கும் விஞ்ஞானிகள் கூட்டத்தில் உன் உரைக்கு அடுத்தது என் உரை. இந்தக் கடிதத்தை அங்கே நீ தங்கும் விடுதிக்கே அனுப்புகிறேன். அன்று காலை கையில் கிடைக்கும்படி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு காலிப் பெட்டியும் இருக்கும். மூடியைத் திறந்து பார். திருத்த நேரமிருக்காது, தெரிந்துகொண்டு மேடையேற நேரமிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தொண்டை கட்டாமல் வெந்நீர் குடி. நீ பேசுவது கடைசி வரிசை வரை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
டேப் மாத்துறவ,
ஹெஸ்டர் ட்ரெலோர்