பிள்ளைகள் நிற்கிற இடம்

அன்புத் தங்கச்சி பவானி,

உனக்கு நான் கடிதம் எழுதினதே இல்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன கடிதம்? ஊரார் எழுதின கடிதங்களுக்கு முத்திரை குத்தியே தபால் கந்தோரில் என் காலம் போய்விட்டது. இப்போது எழுதுகிறேன், எங்கே அனுப்புவதென்று தெரியாமல்.

நீ போய் ஒரு வருடமாகிறது. உன் ஆட்டைத் திவசத்துக்குச் சிறிய நினைவு மலர் ஒன்று அடிக்கிறார்கள். பிறப்பு, படிப்பு, பணி என்று ஒழுங்காக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். நயினாதீவில் பிறந்தாய், நடனம் படித்தாய், கல்யாணம் கட்டாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கினாய். அதோடு முடிந்துவிட்டது. சொல்லவேண்டியது வேறொன்று இருக்கிறது. அதை இந்த மலரில் சொல்லலாமோ என்று இப்போதும் தெளிவில்லை. ஆனால் இதைக் கையில் வாங்கப்போகிறவர்கள் உன் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்தான். அவர்களும் கேட்கட்டும்.

உன் வகுப்பு நிற்கப்போகிறது, பவானி. காரணம் நான்.

நீ போனபிறகு வந்த முதல் சனிக்கிழமை, வழக்கம்போலப் பிள்ளைகள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. சுகந்தியின் மகள் அபிசனா முன்னுக்கு, சின்னதுகள் பின்னுக்கு. விறாந்தையில் வரிசையாக நின்று, நீ இருந்து பழக்கின வெறும் கதிரையைப் பார்த்துத் தட்டிக் கும்பிட்டார்கள். "வகுப்பு இல்லை, வீட்டுக்குப் போங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் கைபேசி ஞாபகம் வந்தது.

உனக்கு இளைப்புக் கூடியிருந்த அந்த மாதங்களில் நான் பதிந்து வைத்தவை. நீ கதிரையில் இருந்து தட்டுக்கழியால் தட்டிச் சொற்கட்டுச் சொல்லுவாய், நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "அண்ணை, மூச்சு வாங்குது. இது சும்மா ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும். சுகம் வந்தாப் பிறகு வடிவாச் சொல்லித் தாறன்" என்றாய். எனக்கு அது வடிவாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வரிசைப்படுத்தி வைத்தேன். என்னால் செய்யக்கூடியது வரிசைப்படுத்துவதுதானே.

ஆடத் தெரியாவிட்டாலும் அந்த வரிசை எனக்குத் தெரியும். உள் அறையில் பேப்பர் வாசித்துக்கொண்டே இத்தனை வருடமும் கேட்டவன். கும்பிடவும் அரைமண்டியில் இருக்கவும் மட்டுமே முதலில் பல மாதம். கால் நடுங்கி அழுகிற பிள்ளைக்கும் நீ அதைக் குறைத்ததில்லை. பிறகு தட்டடவு, முதலாம் காலம். அது கால்களில் ஊறினபிறகு அதே அடவு இரண்டாம் காலத்தில், இரட்டை வேகம். அதற்கும் மேலே மூன்றாம் காலம். மூன்றும் வந்தால்தான் நாட்டடவு. அடவெல்லாம் முடிந்து அலாரிப்பு வந்தால்தான் சலங்கை. அம்மன் கோயிலில் வைத்துப் பூசை செய்து கட்டவேண்டும். "படியைப் பாஞ்சு ஏறினால் முழங்கால்தான் போகும்" என்று தாய்மாருக்குச் சொல்லுவாய்.

அதனால் நானும் பாயவில்லை. நீ சொன்ன ஒழுங்கிலேயே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உன் குரலைப் போட்டேன். பிள்ளைகள் ஆடினார்கள். வீட்டிலும் போட்டு ஆடவென்று தாய்மார் தங்கள் கைபேசிகளுக்கு எடுத்துப் போனார்கள். சின்னதுகள் தட்டடவிலிருந்து நாட்டடவுக்கு வந்தார்கள். அபிசனா அலாரிப்புக்கு வந்தாள். எல்லோருடைய கால்களும் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் விழுந்தன. கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பவானி ஒரு இடமும் போகவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்குச் சுகம் இருந்தது.

தரப் பரீட்சைக்கு ஒரு ஆசிரியர் பார்த்துப் பிள்ளைகளை அனுப்பவேண்டும். யாழ்ப்பாணத்தில் உன்னோடு படித்தவ ஒருவ சம்மதித்தா. பெயர் போட வேண்டாம் என்றா, போடவில்லை. சோளகக் காற்று அடித்துக் கடல் குழம்புகிற நேரத்தில் பிள்ளைகளையும் தாய்மாரையும் படகில் ஏற்றி, குறிகட்டுவான் துறையில் இறங்கிப் பஸ் பிடித்துப் போனேன். அபிசனா புதுச் சலங்கையைப் பையில் கொண்டுவந்தாள். பூசைக்கு நாள் பார்த்து வைத்திருந்தார்கள்.

உன் குரலுக்கு அச்சொட்டாக ஆடினார்கள். ரீச்சர் அவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கைபேசியை நிற்பாட்டச் சொல்லிவிட்டுத் தன் தட்டுக்கழியை எடுத்தா. "தெய் யும் தத்த தெய் யும் தா."

ஒரு சுற்று முடிந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் நின்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல். தோளைச் சற்றே உயர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து, பிறகு தொடர்ந்தார்கள். அதற்குள் ரீச்சரின் தாளம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடி சொன்னா. மறுபடி அதே இடம்.

"ஏன் பிள்ளையள் இதில நிக்கிறியள்?"

அபிசனாதான் பதில் சொன்னாள். "அதில மூச்சு எடுக்கோணும், ரீச்சர்."

"ஆர் சொன்னது?"

"எங்கட ரீச்சர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவ."

பதிவைத் திரும்பப் போடச் சொன்னா. அப்போதுதான், தங்கச்சி, எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் நீ மூச்சை இழுக்கிறாய். அந்த மெல்லிய விசில் சத்தம். அதுவும் அடவில் ஒரு பகுதி என்று பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். மூன்றாம் காலமோ பதிவு ஒன்றிலும் இல்லை. அந்த வேகத்தில் சொல்ல உனக்கு மூச்சு இருக்கவில்லை. பெயர் போட்டு அடுக்கின எனக்கு, ஒரு படி முழுதாக இல்லையென்று ஏன் தெரியாமல் போனது?

"அண்ணை, பிள்ளையள் கேட்டதை ஒரு பிழையும் விடாமல் படிச்சிருக்கினம். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றா ரீச்சர். "இது உடம்பில ஏறீட்டுது. இந்த வருசம் பரீட்சை வேண்டாம். எல்லாரும் தட்டடவிலிருந்து திரும்பத் துவங்கவேணும். பெரியபிள்ளையும்."

அபிசனா சலங்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வருகிறபோது படகு ஆடின ஆட்டத்தில் பைக்குள் சலங்கை கிலுங்கியது. சத்தம் வராதபடி இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள். நடுக்கடலில் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "தாத்தா, ரீச்சர் எங்களுக்குப் பிழையாப் பழக்கினவவோ?"

இயந்திரச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு தாயாக வந்தார்கள். "குறை நினையாதேங்கோ அண்ணை, கணக்கு ரியூசனும் சனிக்கிழமைதான் வைக்கினம்." நான் எப்படிக் குறை நினைப்பேன்? சுகந்தி மட்டும் சுற்றி வளைக்கவில்லை. "லண்டனில என்ரை தங்கச்சியின்ரை மகள் பலே டான்ஸ் பழகுறாள், அண்ணை. நுனிவிரலில நிக்கிற சப்பாத்துக் குடுக்க முதல் கால் எலும்பு பலப்பட்டிட்டுதோ எண்டு பாப்பினமாம். அவளும் எத்தினையோ வருசமாக் காத்துக்கொண்டிருக்கிறாள்."

"அங்கையும் படிப்படியாத்தானே, பிள்ளை" என்றேன், ஏதோ ஆறுதல் கிடைத்த மாதிரி.

"ஓம். ஆனா அங்க முன்னால நிண்டு காலைப் பாக்க ஒரு ரீச்சர் இருக்கிறா."

அதற்கு உன்னிடம் ஒரு மறுமொழி இருந்திருக்கும்.

கடல் அடங்கின காலத்தில் மாதம் ஒருமுறை வருவதாக யாழ்ப்பாணத்து ரீச்சர் சொல்லியிருக்கிறா. கிழமைக்குக் கிழமை கடல் தாண்ட அவவுக்கு ஏலாது. மற்றச் சனிக்கிழமைகளில் ஒருவர் முன்னால் இருந்து, தட்டி, வாயால் சொல்லவேண்டும். மூன்று காலமும். "ரெக்கோட் வேண்டாம், அண்ணை. ஒருநாளும் வேண்டாம்" என்றா. வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "இத்தினை வருசம் கேட்டுக்கொண்டிருந்தது ஆர்?" என்றா.

நானா, பவானி? என் குரலை நீ அறிவாய். கந்தோரில் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கே கேட்காத குரல். மாடு வேலிக்குள் வந்தால் நீதானே வெளியே போய்க் கத்துவாய்? இருந்தும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, பலகையில் தட்டிச் சொல்லிப் பார்த்தேன். தாளம் தவறவில்லை. முதலாம் காலம் வந்தது. இரண்டாம் காலத்தில் நாக்குத் தடக்கியது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போகையில் ஒன்று விளங்கியது. நானும் அதே இடத்தில் நிற்கிறேன். எனக்கு இளைப்பு இல்லை, நெஞ்சில் ஒரு நோயும் இல்லை. ஆனாலும் சுற்று முடிகிற இடத்தில் தோள் தானாக எழும்புகிறது, மூச்சை இழுக்கிறேன். கதவு நிலையில் நின்ற எனக்குள்ளும் நீ அப்படி ஏறியிருக்கிறாய்.

குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. இந்த உலகத்தில் உன் மூச்சு மிஞ்சியிருப்பது அந்தப் பிள்ளைகளின் தோளிலும் என் நெஞ்சிலும்தான். அதை எடுத்தால்தான் அவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். அண்ணன்காரன் தன் கையாலேயே செய்யவேண்டிய வேலையா இது? ஒருமுறை உன்னைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டு வந்தது போதாதா? எடுக்காமல் விட்டால், அந்தப் பிள்ளைகள் காலம் முழுவதும் அந்த இடத்திலேயே நிற்பார்கள். அதை நீ பொறுப்பாயா?

இதை வாசிக்கிற தாய் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும். பவானி ரீச்சர் பிழையாகப் பழக்கவில்லை. அவவுக்கு மூச்சு ஏலாமல் இருந்தது. ஏலாத மூச்சைப் பாடமென்று பிள்ளைகளுக்குக் கொடுத்தவன் நான். அபிசனாவுக்குப் படகில் சொல்லாமல் விட்ட மறுமொழி இதுதான். அவள் முகத்தைப் பார்த்தும் சொல்லுவேன்.

வருகிற சனிக்கிழமை எத்தனை பேர் வருவார்களோ தெரியாது. ஒருவரும் வராமலும் இருக்கலாம். படலையைத் திறந்து வைக்கிறேன். கைபேசி அலுமாரிக்குள் இருக்கும். உன் கதிரையில் இருக்க எனக்குத் துணிவில்லை, பக்கத்தில் பலகை போட்டு இருப்பேன். வருகிற பிள்ளை யாரென்றாலும், தெய்யா தெய் என்று முதல் அடவிலிருந்து சொல்லுவேன். கேட்காவிட்டால் கத்துவேன். அந்த இடம் வரும்போது பிள்ளைகள் நிற்பார்கள். நான் நிற்கமாட்டேன், தங்கச்சி. தட்டிக்கொண்டே போவேன், அவர்கள் என்னை எட்டிப் பிடிக்கும்வரை. இது உனக்குத் தருகிற வாக்கு.

பிள்ளைகள் எல்லோரும் போனபிறகு, படலையைச் சாத்திவிட்டு வந்து, அந்த இடத்தில் ஒருக்கா நின்று மூச்சு எடுத்துக்கொள்ளுகிறேன். அதற்கு மட்டும் என்னை விடு.

உன் குரலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் உன் மூச்சைக் கேட்காத,
உன் அண்ணை