பேராசிரியருக்கு நீங்கள் எழுதிய கடிதம்

ஜெனீவா
12-11-1996

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அத்தைக்குக் கால் சுளுக்கு குறைந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நேற்று எங்கள் பேராசிரியர் உங்கள் கடிதத்தை என்னிடம் நீட்டினார். ‘தாயாருக்கு உடல்நலமில்லை, என் மனைவியை உடனே அனுப்பிவையுங்கள்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஈய அணுக்கருக்களை மோதவிட்டு, அந்தச் சூட்டில் அவை எப்படி உருகுகின்றன என்று பார்க்கிறோம். வருஷத்தில் சில வாரங்கள்தான் அந்த மோதல் நடக்கும். சிதறும் துகள்களை எண்ணுவதற்கு நான் இரண்டு வருஷம் பாடுபட்டுக் கட்டிய கருவி இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. “அவருக்குக் காய்ச்சல், ஏதோ பிதற்றியிருக்கிறார்” என்று சிரித்துச் சமாளித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏற்றிவிட்டபோது, “அம்மாவ நான் பாத்துக்கிடுதேன், நீ தைரியமாப் போ” என்றது யார்?

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். இங்கே தமிழில் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

ஷிப்டுக்கு நேரமாகிறது. உங்கள் தலைமையாசிரியருக்கும் இன்று ஒரு கடிதம் போட்டுவிட்டேன்: ‘தாயாருக்கு உடல்நலமில்லை, என் கணவருக்கு உடனே ஒரு மாதம் விடுப்புக் கொடுங்கள்.’

கோபம் தீராத,
பரிபூரணம்