கடல் பக்கத் தகடு

நவ. 6, வியாழன்
காலையில் வெயில், பின்னேரம் மூட்டம். முற்றத்துப் பழைய வேனின் கடல் பக்கச் சுவருக்குப் புதுத் தகடு. தகட்டோடு உடுத்திருந்த சாரத்தையும் சேர்த்து ரிவெட் அடித்துவிட்டேன். நகர முடியவில்லை. கோயிலால் வந்த பெண்கள் வேலியடியில். என் மனுசி கத்திரிக்கோலோடு வந்தாள், ஆறுதலாக, அவசரமே இல்லாமல்.
"வேன் ஓடாம இருக்க தன்னைக் கட்டி வச்சிருக்கார்" என்று அவர்களுக்கு விளக்கம் வேறு.
இயந்திரம் செத்து நாலு வருசம். எங்கே ஓட?
வெட்டிய சாரத்தின் நீலக் கட்டத் துண்டு இன்னும் தகட்டுக்குள். இருக்கட்டும்.

7, வெள்ளி
காற்று. வேனின் கீழ் விளிம்பு முழுக்க பைபர் துணி வைத்து, ரெசின் பூசி அடைத்தேன். எறும்பு நுழைய இடமில்லை. எத்தனை படகு ஒட்டிய கை. கொஞ்சம் பெருமை. அடிக்கடி வராது என்பதால் எழுதி வைக்கிறேன்.
மகள் டிலானி குவைத்திலிருந்து போன் எடுத்தாள்.
"அப்பா, தகடு முடிஞ்சிச்சா?"
"ஒரு பக்கம் முடிஞ்சிச்சு மகள்."
"மழைக்கு ஒழுகாதே?"
"உன்ட அப்பன் ஒட்டினது."
வெள்ளைக்காரன் விட்டுப்போன வேன். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. திருத்தினால் சீசனுக்குக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க, கைட் விட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம், தானே வந்து நடத்தலாம் என்பது அவள் யோசனை. வேன் சரி என்றால் வேலையை விட்டு வருவாள். ஒப்பந்தத்தை நீட்டுவதா என்று புதன்கிழமை வேலை வீட்டு மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.
வாங்க: மணல் தாள், மனுசிக்குப் பல்வலிக் குளிசை, சாரம்.

9, ஞாயிறு
விடிய விடிய மழை. பூசைக்குப் போகவில்லை. புதுத் தகடு வயிறு வைத்திருக்கிறது. தட்டினால் நிறைகுடம்.
மதுரங்குளியிலிருந்து பலகை கொண்டுவந்த ரபீக் நானா சுற்றிவந்து பார்த்தார். கீழே ஒரு துளை போட்டோம். வாளி நிறைந்தது. இன்னொரு வாளி.
"தம்பி, இத களப்புத் தண்ணில எறக்கப் போறீங்களா?"
படகுக்குத் தண்ணீர் கீழிருந்து வரும், அதனால் கீழே அடைக்கிறோம். வேனுக்கு மேலிருந்து, ஜன்னல் இடுக்கால் வரும். கீழே போக வழி வேண்டும். அந்த வழியைத்தான் வெள்ளி முழுக்கக் குந்தியிருந்து அடைத்தேன்.

10, திங்கள்
தூறல். தகட்டைக் கழற்றியாயிற்று. உள் ஒட்டுப்பலகை தேத்தண்ணியில் ஊறிய பாண். பின்னால் பழைய மரச் சட்டம். விரலால் குத்த விரல் உள்ளே போகிறது. ஜன்னல் வரை அப்படி. கூரையடியிலும். இது நேற்றைய மழையல்ல, வருசக்கணக்கு மழை. நான் செய்தது கடைசி உதவி.
மற்றப் பக்கத்தைத் திறக்கவில்லை. பயம்.
உறுதியாக இருந்தது சாரத் துண்டு ஒன்றுதான். குறட்டால் இழுத்தும் சட்டத்தை விடவில்லை.
நானா: "சட்டம் முழுக்க மாத்தணும் தம்பி. இந்த சீசனுக்கு நடக்குற காரியமில்ல."
மனுசி: "தலவில கோயில் அன்னம்மாவுக்கு நேந்திருக்கேன்."
"அன்னம்மாவுக்கும் காய்ஞ்ச பலகை வேணுமே" என்றேன். இரவு சோறு மட்டும் வந்தது, சொதி இல்லாமல்.

12, புதன்
நல்ல வெயில். இனி எதற்கு.
பகல் டிலானி வீடியோவில் எடுத்தாள். "அப்பா, மேடம் கேட்டுட்டா. என்ன சொல்ல? வேனைக் காட்டுங்க."
திறக்காத தென்னைப் பக்கத்தைக் காட்டினேன்.
"மத்தப் பக்கம்?"
காட்டினேன்.
"அது என்ன நீலமா தொங்குது?"
"என்ட சாரம்."
சிரித்தாள். சிரித்து முடிய மூக்கை உறிஞ்சினாள். தடிமன் பிடித்துவிட்டதாம்.
"சரிப்பா. அப்ப இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஓம் எண்டு சொல்றேன். நீங்க ஆறுதலாச் செய்யுங்க."
"ஓம் மகள். ஆறுதலாச் செய்வம்."
மனுசி பக்கத்திலேயே நின்றாள், என் வாயைப் பார்த்துக்கொண்டு. போனை அவளிடம் கொடுத்துவிட்டு தார்ப்பாய் எடுக்கப் போனேன்.
வேன் கிடக்கட்டும், நீ வா என்று சொல்லவில்லை.