மூன்றாவது முந்திரி

குமுதா அப்பாவுக்கு,

நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிறேன். மூடி வைத்த தட்டில் புட்டு இருக்கிறது. வழக்கம்போல் பழத்தைப் போட்டுப் பிசைந்துவிடாதீர்கள். அது ராக்கெட். குமுதா பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேங்காய்ப்பூ இருக்கும் இடத்தில் ஒவ்வொரு துண்டாகக் கழற்றுவாள். பக்கத்தில் உள்ள ஆப்பம்தான் நிலா. குழியெல்லாம் இருக்கிறது, பாருங்கள்.

போன தடவை திக்லிபூர்வரை தீவுகளைச் சுற்றும் டியூட்டி முடிந்து வந்தபோது, நிலாவுக்குப் போனவர்களைப் பற்றிக் கேட்ட பிள்ளையிடம், "மெயின்லேண்டுக்கே கப்பல் ஒழுங்கா போகல, இதுல நிலாவுக்குப் போறாங்களாம்" என்று சொல்லி ரேடியோவை அணைத்தீர்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நேற்றுக் குழாயிலிருந்து புட்டைத் தள்ளும்போது, "ராக்கெட் கிளம்புது" என்றேன். அப்போதுதான் அடுப்படிக்கு ஓடி வந்தாள். தூங்கும்வரை கேள்விதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்.

மீன் குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு மஸூதா அக்காவிடம் கொடுங்கள்.

செண்பகம்

மறந்துவிட்டேன். ஆப்பத்தின் மேல் இரண்டு முந்திரி இருக்கும். தட்டின் ஓரத்தில் ஒன்று தனியாகக் கிடக்கும். அதை எடுத்துத் தின்றுவிடாதீர்கள். போன மூன்று பேரில் இரண்டு பேர்தான் நிலாவில் இறங்கினார்கள், ஒருத்தர் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தார் என்று சொன்னேன். "நம்ம அப்பா மாதிரியா?" என்றாள். காலையில் அவளே அந்த முந்திரியைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

சாவியைக் கொடுக்க வேண்டாம். அவள் வரும்வரை வீட்டிலேயே இருங்கள்.